படிக்கத் தெரிந்த பஸ்

எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ் விற்க வருகிறவர்களின் ஸ்லைடில் நடுவே ஒரு தடித்த குழாய் இருக்கும். மேலே நாலு டப்பா, கீழே நாலு டப்பா, எல்லாவற்றிலிருந்தும் குழாய்க்கு அம்புக்குறி. ஒரு கம்பெனியில் இருக்கும் மென்பொருள்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிச் சண்டை போட்டுக்கொள்ளாமல் எல்லாம் இந்த நடுவரிடம் வந்து சொல்ல வேண்டும். அவர் கேட்பவருக்குப் புரியும்படி மாற்றி, உரிய இடத்தில் சேர்ப்பார். டேவிட் சாப்பல் 2004-ல் இதற்காகத் தனிப் புத்தகமே எழுதினார். யோசனையில் குற்றமில்லை. விற்பவர் கடைசியாக ஒன்று சொல்வார் பாருங்கள், அதுதான் வினை: "இதுல எது வேணாலும் போகும் சார்."

போனது எங்கள் தூக்கம்.

வாடிக்கையாளர் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. கார் இடிபட்டால் சர்வேயர் போய்ப் பார்த்து விவரங்களை ஆப்பில் ஏற்றுவார். அது எக்ஸ்எம்எல்லாகி, பஸ் ஏறி, தலைமை அலுவலகம் போய்ச் சேரும். அழகாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மீட்டிங்கில் யாரோ, "அப்படியே அந்த போட்டோவையும் அனுப்பிடுங்களேன்" என்றார். இந்த 'அப்படியே'வுக்கு எஸ்டிமேட்டில் அரை நாள் ஒதுக்கினார்கள்.

முதல் போட்டோ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக பஸ் சொன்னது. '200 ஓகே' என்று ரசீதும் கொடுத்தது. அந்தப் பக்கம் திறந்தால் படம் இல்லை, வெறும் சாம்பல் கட்டம். 2 எம்பியாகப் போன ஃபைல் மூன்றரை எம்பிக்கு மேல் பெருத்து வந்திருந்தது. வாடிக்கையாளர் தரப்பு அதிகாரி முகத்தில் மகிழ்ச்சி. "சைஸ் ஏறியிருக்கே, குவாலிட்டி கூடியிருக்குமோ?"

ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தோம். எந்த ஜேபெக் படமானாலும் முதல் மூன்று பைட்டுகள் 255, 216, 255. வந்து சேர்ந்ததில் 239, 191, 189 என்று இருந்தது. அடுத்தும் 239, 191, 189. அதற்கடுத்தும் அதுவே. கொஞ்சம் தள்ளி 'எக்ஸிஃப்' என்ற நாலு ஆங்கில எழுத்து மட்டும், விபத்தில் சிராய்ப்பில்லாமல் தப்பியவரைப் போல முழித்துக்கொண்டு நின்றது.

நடந்தது இதுதான். பஸ் எதையும் சும்மா சுமப்பதில்லை, படிக்கும். வருவதெல்லாம் யூடிஎஃப்-8 எழுத்து என்பது அதன் நம்பிக்கை. நசுங்கிய பம்பரின் படத்தையும் கட்டுரை மாதிரி எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறது. புரியாத பைட் வந்த இடத்திலெல்லாம், கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அந்தப் 'புரியவில்லை' எழுத்தைப் போட்டிருக்கிறது. யூடிஎஃப்-8-ல் அந்த ஓர் எழுத்துக்கு மூன்று பைட். படத்தில் ஏறக்குறைய பாதி பைட்டுகள் 127-க்கு மேற்பட்டவை. உடம்பு பெருக்காமல் என்ன செய்யும்? அபார்ட்மெண்டில் நாம் இல்லாதபோது நம் கூரியரை வாங்கி வைக்கும் பக்கத்து வீட்டு மாமா ஒருவர் இருப்பாரே, அவர் பிரித்தும் படித்து, கையெழுத்து புரியாத இடத்தில் தன் பேனாவால் கேள்விக்குறி போட்டு, மறுபடி ஒட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

பிஎன்ஜி படத்தை வடிவமைத்தவர்கள் இந்த மாமாக்களை 1990களிலேயே அறிந்திருந்தார்கள். அதன் முதல் பைட் 137: எட்டாவது பிட்டை யாராவது வழியில் வெட்டினால் உடனே தெரிந்துவிடும். பிறகு 13, 10: வரி முடிவுகளைத் 'திருத்துகிற' ஆசாமிகளைப் பிடிக்க. பிறகு 26: பழைய டாஸில் யாராவது படத்தை எழுத்தாக அச்சிடப் பார்த்தால் அங்கேயே நிறுத்த. எட்டு பைட் தலைப்பில் இவ்வளவு அவநம்பிக்கையை அடைத்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

எங்கள் மெயின்ஃப்ரேம் பெரியவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பேஸ்64 பண்ணுங்கப்பா" என்றார். மூன்று பைட்டை நாலு எழுத்தாக மாற்றும் பழைய வித்தை. மின்னஞ்சல் ஏழு பிட் எழுத்து மட்டுமே தெரிந்த குழந்தையாக இருந்த காலத்தில், இணைப்புகளை அனுப்ப வந்தது. செய்தோம். படம் வந்தது! டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

டீ ஆறுவதற்குள் பெரிய படங்கள் நிற்க ஆரம்பித்தன. பஸ்ஸுக்கு அடியில் ஐபிஎம் எம்க்யூ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு செய்திக்கு அது தானாக வைத்திருக்கும் வரம்பு 41,94,304 பைட், அதாவது 4 எம்பி. 3 எம்பி போட்டோவை பேஸ்64 ஆக்கினால் வருவதும் அதே 4 எம்பி. ஒரு பைட் முன்பின் கிடையாது. ஆக, சரக்கு நுழைந்துவிடும். மேலே சுற்றிய எக்ஸ்எம்எல் உறைதான் நுழையாது. வரம்பை 100 எம்பி வரை ஏற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் க்யூ, க்யூ மேனேஜர், சேனல் மூன்றிலும் ஏற்ற வேண்டும். எங்களிடம் மூன்றுக்கும் மூன்று டீம், மூன்று டிக்கெட், மூன்று ஒப்புதல். ஒவ்வொரு டீமும் மற்ற இரண்டும் செய்துவிட்டதா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

ஏற்றி முடித்தபோது லாக் டிஸ்க் நிரம்பிவிட்டது. பஸ் தான் படித்ததை எழுதியும் வைக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு பம்பருக்கு நாற்பது லட்சம் எழுத்து. நைட் ஷிஃப்ட் பையன் ஒருவன் அதைப் பார்த்துப் பார்த்தே தேர்ந்துவிட்டான். வரி 'ஜேவிபிஈஆர்' என்று ஆரம்பித்தால், "பிடிஎஃப் அண்ணா" என்பான், சரியாகவே இருக்கும்.

இதற்கெல்லாம் மருந்தாக எம்டாம் என்று ஒரு தரநிலை 2005 ஜனவரியிலேயே வந்துவிட்டது. பைனரியைப் பைனரியாகவே தனியாக வைத்து, உறைக்குள் அதற்கு ஒரு சுட்டியை மட்டும் வைப்பது. அதையும் முயன்றோம். எங்கள் பஸ்ஸில் ஒரு லாக் வரி எட்டிப் பார்த்தால் போதும், தனியே இருந்ததை எடுத்து உள்ளே திணித்து மறுபடி பேஸ்64 ஆக்கிவிடும்.

கடைசியில் தீர்வு, கிரெகர் ஹோப்பும் பாபி உல்ஃபும் 2003-லேயே எழுதிவைத்த 'கிளெய்ம் செக்'. ஃபைலை ஓரிடத்தில் வைத்துவிட்டு டோக்கனை மட்டும் அனுப்புவது. போட்டோ எஸ்எஃப்டிபி வழியாக நேரே கிடங்குக்குப் போகிறது. பஸ்ஸில் ஃபைல் பெயரும், சரிபார்க்க ஒரு ஹாஷும் மட்டும். சில நூறு எழுத்து. பஸ் ஆசை தீரப் படித்துக்கொள்ளட்டும். "அப்ப பஸ்ஸுக்கு இவ்வளவு காசு கொடுத்தது எதுக்கு?" என்று வாடிக்கையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. விற்றவரிடம் கேட்கச் சொன்னோம்.

டோக்கன் இன்னும் எல்லாக் கிளைகளுக்கும் போகவில்லை. பழைய ஆப் இருக்கும் இடங்களில், '2 எம்பிக்கு மேல் ஏற்றக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறோம். இடிபட்ட வண்டியருகே வெயிலில் நின்று அந்த வரியைப் படிக்க நேர்ந்தால் எங்களைத் திட்டுங்கள், தப்பில்லை. திட்டி முடித்ததும் போட்டோவைச் சின்னதாக்கி அனுப்புங்கள்.