ஸ்மித்துக்கு இன்னும் 800-தான்

எங்கள் வீட்டு ஹாலில் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில், ஃபிரேம் போட்ட ஒரு சர்டிபிகேட் தொங்குகிறது. ஆரக்கிள் 9ஐ டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். சுருக்கமாக டிபிஏ. அதை வாங்கின புதிதில் சொந்தக்காரர்கள் வந்தால் என் மனைவி முதலில் காபி கொடுப்பாள், அப்புறம் சர்டிபிகேட்டைக் காட்டுவாள். இப்போது காபி மட்டும்தான். 9ஐ போய் 10ஜி வந்தது, 12சி வந்தது, 19சி வந்தது, 2024-இல் 23ஏஐ வந்தது. வாலில் இருக்கிற எழுத்து சும்மா இல்லை. இன்டர்நெட் மவுசாக இருந்தபோது ஐ, கிரிட் என்று பேசிக்கொண்டபோது ஜி, கிளவுட் வந்ததும் சி, இப்போது ஏஐ. கம்பெனிக்காரன் ஊரில் எது ஓடுதோ அதற்குத் தகுந்த மாதிரி மாறிக்கொண்டே வந்தான். நான் ஃபிரேமைக்கூட மாற்றவில்லை.

போன வருஷம் எங்கள் ஆபீஸ் டேட்டாபேஸை எல்லாம் மூட்டை கட்டி கிளவுடுக்கு அனுப்பிவிட்டார்கள். பேக்கப் அதுவே எடுத்துக்கொள்ளும், பேட்ச் அதுவே போட்டுக்கொள்ளும். "அப்போ நீங்க என்ன சார் பண்ணுவீங்க?" என்று மேனேஜர் அக்கறையாகத்தான் கேட்டார். அந்த அக்கறைக்கு நோட்டீஸ் பீரியட் என்று பெயர்.

வேலை தேடிப் பார்த்திருக்கிறீர்களா சமீபத்தில்? ஒவ்வொரு விளம்பரத்திலும் ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், மாங்கோ டிபி எல்லாம் தெரிந்த ஒரே ஆளைக் கேட்கிறார்கள். கூடவே பைத்தான், நைட் ஷிஃப்ட். இத்தனையும் தெரிந்தவர் எதற்கய்யா வேலை தேடுகிறார்? கடைசி வரியில் மட்டும் "சர்டிஃபிகேஷன் இருந்தால் நல்லது" என்று போட்டிருந்தது. அந்த வரியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு 47 வயசில் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தேன். ஃபீஸ் விஷயத்தில் வீட்டில் சொன்ன தொகை வேறு, கட்டின தொகை வேறு. அது நமக்குள் இருக்கட்டும்.

என் மகள் பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அவள் புத்தகத்திலும் பைத்தானோடு சேர்த்து எஸ்க்யூஎல் வைத்துவிட்டார்கள். ஆக, ஒரே சாப்பாட்டு மேஜையில் அப்பாவும் பெண்ணும் ஒரே பாடம். பக்கத்து வீட்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் காம்பவுண்டுக்கு மேல் எட்டிப் பார்த்து, "பொண்ணு நல்லா படிக்கிறா போல, ராத்திரி ஒரு மணிக்கும் லைட் எரியுதே" என்று பாராட்டினார். அவள் பத்து மணிக்கே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆரக்கிள் படிக்கிற எல்லோருக்கும் ஒரு குடும்பத்தைப் பழக்கப்படுத்தி வைப்பார்கள். எம்ப் என்று ஒரு டேபிள், அதில் 14 பேர். ஸ்காட் என்ற யூசரில் இருக்கும், பாஸ்வேர்டு டைகர். ஸ்காட் என்பவர் ஆரக்கிளின் ஆரம்ப கால ஊழியர் புரூஸ் ஸ்காட், டைகர் அவர் வீட்டுப் பூனை. 14 பேரில் பெரியவர் கிங், பிரசிடென்ட், சம்பளம் 5000. கடைக்கோடியில் கிளார்க் ஸ்மித், 800. வேலையில் சேர்ந்தது 1980 டிசம்பர் 17. அன்றைக்கும் 800, இன்றைக்கும் 800. அப்டேட் பழகுகிற அத்தனை பேரும் முதலில் ஸ்மித்துக்குத்தான் பத்து பர்சென்ட் ஏற்றிக் கொடுக்கிறோம். என்ன செய்வது, அடுத்த பாடம் ரோல்பேக். சேல்ஸ்மேன் டர்னரின் கமிஷன் பூஜ்யம், ஸ்மித்துக்கு அந்த இடம் நல். பூஜ்யம் என்றால் கமிஷன் உண்டு, ஆனால் தேறவில்லை. நல் என்றால் அந்தப் பேச்சே கிடையாது. என் மச்சினனுக்கு என்ன சம்பளம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஃபோர்டுக்கு 3000 என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

இந்த நல்தான் என் மானத்தை வாங்கியது. 'யாருக்கும் மேனேஜராக இல்லாதவர்களைக் கண்டுபிடி' என்று ஒரு கணக்கு. ஒவ்வொருவருடைய மேனேஜர் நம்பரும் எம்ஜிஆர் என்ற காலத்தில் இருக்கும். (எம்ஜிஆர் காலம் என்று நான் சொன்னதும் அம்மா டிவியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.) அந்தக் காலத்தில் வராத நம்பர்கள் யாருடையவை என்று நாட் இன் போட்டுத் தட்டினேன். கையால் எண்ணினால் எட்டு பேர் வர வேண்டும். திரையில் வந்தது, நோ ரோஸ் செலக்டட். மறுபடி தட்டினேன், கொஞ்சம் பலமாக. அப்போதும் ஒருத்தரும் வரவில்லை.

தோசையைப் பிய்த்துக்கொண்டே மகள் எட்டிப் பார்த்தாள்.

"கிங்குக்கு யாருப்பா மேனேஜர்?"

"அவருக்கு மேல யாரும்மா இருக்கா?"

"அப்போ அங்க நல் இருக்கும்ல? அதை எடுத்துட்டுப் போடுங்க."

விஷயம் இதுதான். நல் என்றால் 'தெரியாது'. ஸ்மித்தின் நம்பர் அந்தத் தெரியாததோடு பொருந்துமா, பொருந்தாதா? தெரியாது. 'பொருந்தவில்லை' என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் ஆரக்கிள் ஒருவரை வெளியே விடும். கிங்குக்கு மேல் ஒரு நாற்காலி காலியாக இருந்ததால் கீழே ஒருத்தர் பெயரும் தேறவில்லை. ஈஸ் நாட் நல் என்று சேர்த்தேன், எட்டு பேரும் வந்து வரிசையில் நின்றார்கள். எங்கள் வீட்டில் எம்ஜிஆர் காலம் காலியாக இருக்கிற ஒரே ஆள் அவள் அம்மா. இங்கேயும் நான் கேட்கிற எதற்கும் பதில் வராததன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்டர்வியூவுக்கு வருவோம். கேட்ட தம்பிக்கு என் சர்டிபிகேட்டின் வயசுதான் இருக்கும். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை "சார்". சார் போட்டு அடித்தால் வலி ஜாஸ்தி. டெலிட்டுக்கும் ட்ரங்கேட்டுக்கும் வித்தியாசம் கேட்டார், சொன்னேன். கோட் விதிகள் கேட்டார். எட்கர் கோட் 1970-இல் ரிலேஷனல் மாடலை எழுதினவர், 1985-இல் விதிகளும் போட்டார். பன்னிரண்டு விதி என்பார்கள், பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பதால் எண்ணினால் 13 இருக்கும். அந்தப் பூஜ்யத்தை மட்டும் சரியாகச் சொன்னேன்.

அப்புறம் வந்தது, எல்லா இன்டர்வியூவிலும் வருகிற அதே கேள்வி. "இரண்டாவது அதிக சம்பளம் எப்படி எடுப்பீங்க சார்?" மேக்ஸுக்குக் கீழே ஒரு மேக்ஸ் என்றேன். "மூணாவது?" அதற்கும் கீழே ஒரு மேக்ஸ். "என்னாவது?" என்றார், அதாவது எந்த எண் கொடுத்தாலும். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக இறங்கிக்கொண்டே போய் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "டென்ஸ் ரேங்க் கேள்விப்பட்டிருக்கீங்களா சார்?" என்றார் சாந்தமாக. அந்த எம்ப் டேபிளில் ஸ்காட் என்றே ஒருத்தர் உண்டு, அவரும் ஃபோர்டும் ஆளுக்கு 3000 வாங்குகிறவர்கள். ரேங்க் போட்டால் இரண்டு பேரும் இரண்டாவது, அடுத்த ஆள் ஜோன்ஸ் நாலாவது. டென்ஸ் ரேங்க் போட்டால் ஜோன்ஸ் மூணாவது. உங்களிடம் எவ்வளவு அழகாகச் சொல்கிறேன், பாருங்கள். அங்கே வாயில் வந்தது, "தம்பி, பெரியவர் சம்பளத்தையே கேட்டுடுங்களேன், அது 5000."

பரீட்சை வீட்டிலிருந்தே, கேமரா முன்னால். கண்காணிப்பவர் எங்கேயோ ஒரு ஊரிலிருந்து மெசேஜ் அனுப்புகிறார். லேப்டாப்பைத் தூக்கி நாலு சுவரையும் காட்டச் சொன்னார். பீரோ, பீரோ மேல் கொலு பொம்மைப் பெட்டி, தினசரி காலண்டர். காலண்டரைக் கழற்றச் சொன்னார். ராகு காலம் முடிந்ததா என்று பார்க்க வழியில்லாமலே பரீட்சை ஆரம்பமானது. கொஞ்ச நேரத்தில், 'உதடு அசைகிறது, நிறுத்தவும்' என்று எச்சரிக்கை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுப் படிக்காதவனுக்குத்தான் அடி விழும். கையால் வாயைப் பொத்தினேன். 'வாயை மூடக் கூடாது' என்று அடுத்த மெசேஜ். எனக்குக் கல்யாணமான பிறகு இப்படி ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை.

பாஸ் ஆகிவிட்டேன், நம்புங்கள். சர்டிபிகேட் பிடிஎஃபாக வந்தது. ஃபிரேம் போட வீட்டில் அனுமதி இல்லை. அதைப் பார்த்துவிட்டு ஒரு ஹெச்ஆர் பெண் உடனே போன் செய்து, "கங்கிராட்ஸ் சார், போஸ்ட்கிரெஸ் தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்கு உண்மையில் தெரிந்த வேலையை எந்த இன்டர்வியூவிலும் கேட்பதில்லை. ஆர்க்கைவ் லாக் போய் விழுகிற இடம் ரொம்பிவிட்டால் மொத்த டேட்டாபேஸும் மூச்சுப் பிடித்து நின்றுவிடும், டிபிஏவைத் தவிர உள்ளே யாரும் லாகின் பண்ண முடியாது. அது பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் ரொம்பும். லுங்கியோடு எழுந்து உட்கார்ந்து, பழைய லாக்கை பேக்கப் எடுத்து, டெலிட் பண்ணி, விடிவதற்குள் ஓடவைக்கிற ஆள் குரோம்பேட்டையில் ஒருத்தன் சும்மா இருக்கிறான். உங்கள் ஆபீஸில் வேகன்சி இருந்தால் சொல்லுங்கள். நாளைக்கே சேரத் தயார். இரண்டாவது அதிக சம்பளமாக இருந்தாலும் எனக்குச் சம்மதம், அது எவ்வளவு என்று என்னைக் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள்.