பாகாலுக்கு வக்கீல் எதற்கு?

கேள்வி: நபி இப்ராஹீம் சிலைகளை உடைத்த சம்பவம் பைபிளிலும் உண்டா? (வாசகர், அக்குறணை)

பதில்: இல்லை. குர்ஆனின் 21ஆம் சூராவில் இருக்கிறது. யூதர்களின் பழைய விளக்க நூல்களிலும் அதே சாயலில் ஒரு கதை உண்டு. ஆபிரகாமின் தகப்பன் தேராகு வேறு தெய்வங்களை வணங்கினார் என்பதோடு பைபிள் நிறுத்திக்கொள்கிறது (யோசுவா 24). பைபிளில் அப்படி உடைத்தவர் கிதியோன். உடைத்தது சொந்தத் தகப்பனின் பாகால் பலிபீடத்தை. அதுவும் பயந்து பயந்து, பத்து வேலைக்காரரோடு, இரவில். விடிந்ததும் ஊரே திரண்டு வந்து, மகனைக் கொல்ல வேண்டும், வெளியே விடு என்றது. தகப்பன் யோவாஸ் கேட்டார்: பாகால் தெய்வமென்றால் தன் வழக்கைத் தானே பேசட்டுமே, நீங்கள் எதற்கு? பலிபீடத்தைப் பறிகொடுத்தவரே மகனுக்காகப் பேசுகிறார். கிதியோனைவிட எனக்கு அவரைத்தான் பிடிக்கும்.

கேள்வி: மற்றத் தெய்வங்கள் இல்லவே இல்லை என்கிறதா பைபிள்? (வாசகி, மாத்தளை)

பதில்: முதலாம் கட்டளை அந்த விவாதத்துக்கே போகவில்லை; தாலி கட்டியவன் கேட்பதுபோல, உனக்கு நான் மட்டுமே என்கிறது. 82ஆம் சங்கீதத்தில் தேவர்களின் சபைகூட வருகிறது. ஏசாயா 44இல் பேச்சு கறாராகிவிடுகிறது: ஒரே மரத்தில் பாதியை எரித்து இறைச்சி சுட்டவன், மீதியைச் செதுக்கிவைத்து, காப்பாற்று என்று கும்பிடுகிறான்.

கேள்வி: நான் கிறிஸ்தவள். பெரஹரா பார்க்கப் போகலாமா? (வாசகி, கண்டி)

பதில்: தாராளமாக. தலதா மாளிகை ஊர்வலத்துக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும். கடைசி இருவரும் நமக்குத் தெரிந்த முருகனும் கண்ணகியும். மாளிகைக்குப் பக்கத்திலேயே பரிசுத்த பவுல் ஆலயம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. கும்பிடுவது வேறு விஷயம். அதிலும் தீர்க்கதரிசி எலிசாவைப் பாருங்கள். சீரியத் தளபதி நாகமான், தொழுநோய் நீங்கி இனி கர்த்தர் மட்டுமே என்று முடிவெடுத்தபின் தயங்கினார்: ராஜா என் கையில் சாய்ந்தபடி ரிம்மோன் கோயிலில் குனிந்தால் நானும் குனிய வேண்டிவருமே? எலிசா பிரசங்கம் செய்யவில்லை. நிம்மதியாகப் போய்வா என்று அனுப்பிவைத்தார்.

பக்கத்து வீட்டுப் பொங்கலுக்கும் அப்போஸ்தலர் பவுல் வழி சொல்கிறார் (1 கொரிந்தியர் 10): அழைத்தால் போ, வைத்ததைச் சாப்பிடு, விசாரிக்காதே. இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும், சொன்னவரின் மனச்சாட்சிக்காக விட்டுவிடு.

கேள்வி: பிறர் தெய்வங்களைக் குறைத்துப் பேசலாமா? (வாசகர், அக்குறணை)

பதில்: பவுல் எபேசுவில் இரண்டு வருடத்துக்கு மேல் பிரசங்கித்தார். ஊர் கொதித்தெழுந்து அவருடைய கூட்டாளிகளை இழுத்துவந்தபோது, இவர்கள் நம் தேவியைத் தூஷிக்கவில்லை என்று அந்த நகரத்து அதிகாரியே சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 19). உங்கள் குர்ஆனும் 6ஆம் சூராவின் 108ஆம் வசனத்தில், அவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள் என்கிறது. அறியாமல் அவர்கள் அல்லாஹ்வைத் திருப்பி ஏசிவிடுவார்கள் என்று காரணமும் தருகிறது.