போகாதவர்களின் விடுப்புக் கணக்கு

பெறுநர்: வெளிநாட்டினர் பிரிவு, மத்திய உள்துறை அமைச்சகம், புது டெல்லி.
அனுப்புநர்: ஒரு குடிமகன், நைனார்பாளையம், சின்னசேலம் வட்டம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.
பொருள்: குடியிருந்த நாட்களை எண்ணும் முறை குறித்து.

ஐயா,

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் படித்தவர்கள் யாரும் தங்களைக் கஞ்சர் என்று சொல்ல மாட்டார்கள். இந்தியக் குடியுரிமை கேட்டு வரும் அயல்நாட்டார், விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்கள் இங்கே தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் கூட்டிக் கழித்து 11 ஆண்டுகள் இருந்தால் போதும். மிச்சம் மூன்று ஆண்டுகளை அவர் துபாயிலோ டோக்கியோவிலோ கழித்துக்கொள்ளலாம், ஏன் என்று கேட்க மாட்டீர்கள். அதுவும் போதாதென்று 2015இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, அந்தக் கடைசி 12 மாதங்களுக்குள்ளேயும் தக்க காரணம் இருந்தால் 30 நாள் வரை வெளியே போய்வரலாம் என்று இளக்கினீர்கள். எங்கள் தாலுகா ஆபீசில் ஒரு சாதிச் சான்றிதழுக்கு இந்தத் தாராளத்தில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால்கூட ஊரே கைகூப்பும். இப்படிப் பெரிய மனசுக்காரர்களிடம் சின்னசேலம் முகாம்காரர்களின் விடுப்புக் கணக்கை எடுத்துச் சொன்னால் உடனே தீர்த்துவைப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இம்மனுவை எழுதுகிறேன்.

எங்கள் வட்டத்தின் தலைமையிடமான சின்னசேலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் தமிழக அரசு இப்படிப்பட்ட முகாம்களுக்கெல்லாம் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், இப்போது பேரப்பிள்ளைகள். இந்தியாவில் இடைவிடாமல் குடியிருந்ததற்கு இவர்களிடம் உள்ளதைப் போன்ற ஆதாரம் வேறு எந்த விண்ணப்பதாரரிடமும் இருக்காது. மற்றவர்கள் வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பாஸ்போர்ட் முத்திரை என்று தேடி அலைய வேண்டும். முகாமில் இருப்பவர் இங்கேதான் இருந்தார் என்பதை அரசாங்கமே ஆள் வைத்து எண்ணி, பதிவேட்டில் ஏற்றி வைத்திருக்கிறது. வருவாய்த் துறையார் பெயர் கூப்பிடுகிறார்கள், கியூ பிரிவுப் போலீசார் கண் வைத்திருக்கிறார்கள், வெளியூர் போய்த் தங்குவதென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 1984இல் வந்து 2024 வரை நகராமல் இருந்த ஒருவருக்கு, தங்கள் அட்டவணைப்படி 14 ஆண்டுக்கு மூன்று ஆண்டு வீதம் எட்டரை ஆண்டு விடுப்பு எடுக்கப்படாமல் கிடக்கிறது. அரசு ஊழியராக இருந்தால் ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணமாக்கியிருப்பார். இவருக்கு அதைக் குடியுரிமையாக்கிக் கொடுக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை, அது பேராசை. அந்த நாற்பது ஆண்டில் ஒரு நாளையாவது கணக்கில் எடுத்துக்கொள்ள முடியுமா என்றுதான் கேட்கிறேன்.

நாள் எண்ணி ஆளைக் கழிக்கும் இந்தக் கலையில் கொழும்புக்காரர்கள் தங்களுக்கு மூத்தவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கேயே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. தோட்டத்து லயத்தில் பிறந்த தமிழ்த் தகப்பனுக்கே பிறப்புச் சான்றிதழ் கிடையாது, பூட்டனுக்கு எங்கே போவது? அப்படித் தள்ளுபடியானவர்கள் மனு செய்துகொள்ளட்டும் என்று 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னால் மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு அறுபடாமல் குடியிருந்திருக்க வேண்டும். ஒரே மூச்சில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் கணக்கு அறுந்தது. அவர் மட்டும் இருந்தாலும் ஆகாது, பெண்டாட்டி பிள்ளைகளும் அங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டும்.

இந்த விதியை எழுதியவருக்குத் தமிழ்க் குடும்பம் எப்படி நடக்கும் என்பது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். திருச்சி, சேலம், பழைய தென்னாற்காடு ஜில்லா என்று இந்தப் பக்கத்து மண்ணிலிருந்து கங்காணி கூட்டிப்போன ஆட்கள், மாரியம்மன் திருவிழாவுக்கும் பங்காளி வீட்டுக் கருமாதிக்கும் ஊருக்கு வந்துபோனவர்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவது அவர்கள் உடம்பில் ஊறிய வழக்கம். அப்படி வந்த பெண், பிள்ளை தவழ்ந்து நடக்கிற வரைக்கும் தாய்வீட்டில் தங்கிவிட்டால் தோட்டத்தில் புருஷனுடைய மனுவுக்கே ஆபத்து. அதற்கிடையே 1939இல் அன்றைய இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. ஊருக்கு வந்த நேரத்தில் தடையில் சிக்கிக்கொண்டவரின் நாட்களையும் ‘வெளிநாட்டில் கழித்த காலம்’ என்றுதான் எண்ண முடியும். எட்டு லட்சம் பேருக்கு மேல் மனு செய்ததில் ஏறத்தாழ 1.34 லட்சம் பேருக்குத்தான் பதிவு கிடைத்தது. சொந்த ஊருக்குப் போய்வருகிறவன் எங்கள் ஊர்க்காரன் ஆக மாட்டான் என்பது கொழும்பின் வாதம். அதில் ஒரு குரூரம் இருந்தாலும் ஒழுங்கும் இருந்தது. போனால் கழிப்பார்கள், போகாவிட்டால் எண்ணுவார்கள். தங்கள் கணக்கில் அந்த ஒழுங்கையும் காணவில்லை.

அப்படி மிச்சமானவர்களை 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் பங்கு பிரித்தார்கள். 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேர் 1974இல் பாதிக்குப் பாதி. பாகப்பிரிவினையில் மாட்டைப் பிரித்தால்கூட எந்த மாடு யாருக்கு என்று கொம்பில் வர்ணம் பூசுவார்கள், இங்கே தலைக்கணக்கு மட்டும்தான். 1984இல் தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்கு வந்த படகு நின்றதும் இந்தியப் பங்கில் எழுதப்பட்டவர்களிலும் பலர் அங்கேயே தங்கிப்போனார்கள். 2003இல் இலங்கை நாடாளுமன்றம், 1964 அக்டோபர் 30 முதல் நாட்டில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் குடியுரிமை என்றது. உயிருக்குப் பயந்து தமிழ்நாட்டு மண்டபம் கரையில் வந்து இறங்கியவர்கள் நாட்டில் ‘வசிக்கவில்லை’, ஆகவே அவர்கள் வெளியே. அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று திருத்தம் செய்ய 2009 ஆனது. மண்டபத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குப் போன கூலிகளை இலங்கை அரசு நிறுத்திவைத்துச் சோதித்த முகாம் இருந்ததும் அங்கேதான். பூட்டன் போன வாசலிலேயே கொள்ளுப்பேரன் வந்து இறங்கியிருக்கிறான், அவனை அயலான் என்று எழுதிக்கொள்கிறோம்.

தங்கள் தரப்பு வாதங்களையும் நானே வைத்துவிடுகிறேன், கோப்பு சுற்றும் நேரம் மிச்சமாகும். முதலாவது, பாஸ்போர்ட் விசா இல்லாமல் வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’, அவர் எத்தனை காலம் இருந்தாலும் அது குடியிருப்பு ஆகாது என்பது. சட்டப்படி சரி, 2003 திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே குற்றத்தைச் செய்த ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் நாட்டு ஆறு சமயத்தாருக்கு, 2014 டிசம்பர் 31க்குள் வந்திருந்தால் அது குற்றமே அல்ல என்று 2019இல் எழுதினீர்கள். அவர்களுக்கு 11 ஆண்டை ஐந்தாகவும் குறைத்தீர்கள். ஆகவே பாஸ்போர்ட் இல்லாமை கழுவ முடியாத கறை அல்ல, எந்தத் திசையிலிருந்து வந்தார் என்பதைப் பொறுத்துக் கழுவப்படும் கறை. 2025 செப்டம்பரில் தெற்குத் திசைக்கும் சற்று இரங்கி, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை ஆவணமில்லாத குற்றத்துக்குத் தண்டிப்பதில்லை என்று விலக்களித்தீர்கள். தண்டனை கிடையாது, குற்றம் மட்டும் இருக்கட்டும் என்பது நீதி சாஸ்திரத்துக்குப் புது வரவு.

இரண்டாவது வாதம் கனமானது. 1964, 1974 ஒப்பந்தங்களின்படி 2008 வரை 4.61 லட்சம் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டோமே என்று 2019இல் மத்திய அரசு சொன்னது. கொடுத்தது உண்மை. ஆனால் அது சலுகை அன்று, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட பங்கு. ஒப்புக்கொண்டதோ ஆறு லட்சம். முழுக்கடன் தீராதவர், கட்டிய தவணை ரசீதைக் காட்டி வட்டிக்காரரிடம் தர்மம் பண்ணியதாகப் பேசினால் எங்கள் சந்தையில் சிரிப்பார்கள்.

போர் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்பது அடுத்தது. போக விரும்புகிறவருக்குப் பயணமும் பத்திரமும் செய்துதர வேண்டியதுதான், சிலர் போயும் இருக்கிறார்கள். இங்கே குடியுரிமை கொடுத்தால் இலங்கையில் தமிழர் தொகை குறைந்து அரசியல் பலம் போய்விடும் என்று தமிழர் தரப்பிலேயே ஒரு கவலை உண்டு. அதை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். ஆனால் அந்தப் பலத்தைக் காக்கும் பொறுப்பை ஊரில் வேறு யாருக்கும் கொடுக்காமல் முகாமில் பிறந்த பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. கனடா போன யாழ்ப்பாணத்தாரிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. அங்கே ஐந்து ஆண்டில் 1,095 நாள் இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்; நிரந்தர வாசியாவதற்கு முன் அகதியாகப் பாதுகாப்புப் பெற்றிருந்த நாட்களையும், ஓராண்டு வரவு வரைக்கும், நாளுக்கு அரை நாள் வீதம் கூட்டிக்கொள்கிறார்கள். நம் முகாமில் ஒரு நாளுக்குக் கால் நாள்கூட இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை: மலையகத்திலிருந்து கனடாவுக்குப் போய்க் குடிமகனான ஒருவர், தன் தாத்தா தமிழ்நாட்டில் பிறந்தவர் என்று காட்ட முடிந்தால் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டைக்கு மனுப் போடலாம். ஐந்து ஆண்டு கழித்து, கடைசி ஓராண்டு இங்கே தங்கி, குடியுரிமையே கேட்கலாம். அதே தாத்தாவின் இன்னொரு பேரன் சின்னசேலத்தில் நாற்பது ஆண்டாகப் பேர் கூப்பிடும்போது ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லிக்கொண்டிருப்பான். டொராண்டோ வழியாகப் போனால் டெல்லி கிட்டம்.

பெற்றோர் கணக்கு இப்படிப் பூஜ்யமானால் பிள்ளை கணக்கும் பூஜ்யம். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது அந்த விதியின்படிதான். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. ஆகவே ஒரே வீட்டில் 1986இல் பிறந்த அக்காள் இந்தியர், 1988இல் பிறந்த தம்பி அயலார். இருவரும் படித்தது ஒரே பள்ளிக்கூடம், கடல் தாண்டாதவர்கள் இருவருமே. தம்பி வெளிநாட்டில் கழித்த காலம் எவ்வளவு என்று தங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் அவர் பூஜ்யம் என்றுதான் எழுத வேண்டும்.

ஆதலால், முகாம் வருகைப் பதிவேட்டைக் குடியிருப்புச் சான்றாக ஏற்கும்படி மூன்றாம் அட்டவணையில் ஒரு வரி சேர்க்கவும், தெற்கிலிருந்து வந்தவரையும் 2019 திருத்தத்தில் சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் இயலாதென்றால், எடுக்காத எட்டரை ஆண்டு விடுப்பை அவர்கள் எந்த நாட்டில் போய்க் கழிக்கலாம் என்பதையும், போய்வர எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
நைனார்பாளையத்துக் குடிமகன் (1987க்கு முந்தைய பிறப்பு)

இணைப்பு: ஐந்து ரூபாய்த் தபால் தலை ஒட்டிய சுயவிலாச உறை 1.