உப்புத்தாள் அண்ணாச்சி

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2015 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதே மாதம்தான் அண்ணாச்சி தன் அம்பாசிடரைப் பிரித்துப் போட்டார். 2025 மே 2-ல் துறைமுகம் திறந்தாயிற்று. பெரிய பெரிய கப்பல்கள் வந்து போகின்றன. காருக்கு இன்னும் பின்கதவு மாட்டவில்லை.

நாகர்கோவில் பக்கம் பிறந்து, பெண்ணெடுத்த விழிஞ்ஞத்திலேயே தங்கிவிட்டவர். மலையாளிகளுக்கு நம்மாட்கள் எல்லாருமே அண்ணாச்சிதான். இவரை மட்டும் 'உப்புத்தாள் அண்ணாச்சி' என்பார்கள். மணல் ஒட்டிய தாளுக்கு நம்மவர்கள் ஏன் உப்புத்தாள் என்று பெயர் வைத்தார்களோ, உப்புக்காற்று அரித்த காரைத் தேய்க்க அதுதான் வேண்டியிருக்கிறது.

கார் 1978 மாடல், மார்க் 3. கேஎல்டி என்று தொடங்கும் பழைய திருவனந்தபுரம் நம்பர். இன்ஜின் முதல் முயற்சியிலேயே கிளம்பிவிடும், குறை உடம்பில்தான். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தகடேதான் எலும்பும் தோலும். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளை அடைத்துக்கொண்டால் துரு உள்ளிருந்து தின்னத் தொடங்கும். வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடு இருக்காது. கடற்காற்றில் அப்பளம் நமத்துப்போகும்; கார் மட்டும் அப்பளமாக நொறுங்கும்.

அண்ணாச்சி துருவை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் வைத்து, தட்டிச் சமன் செய்து, பட்டி பூசி, தேய்த்து, பிரைமர் அடிப்பார். அங்கேயே நின்றுவிடுவார். அசல் கலர் கிடைக்கவில்லையாம். பிரைமர் ஈரத்தைத் தடுக்காது என்று ஊருக்கே பாடம் எடுப்பவர் அவர்தான். இடப்பக்கம் முடித்து வலப்பக்கம் வருவதற்குள் இடப்பக்கம் மறுபடி கூப்பிடும்.

சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம். தகடு என்றால் ஒட்டும், பட்டியைக் கனமாக அப்பியிருந்தால் விழுந்துவிடும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காரில் வைத்துப் பார்த்தார். அது 'ஒரு கீறல் படாத' செகண்ட் ஹேண்ட் கார். காந்தம் தரையில் விழுந்த சத்தம் பந்திவரை கேட்டது. அதன்பிறகு பத்திரிகை வருகிறது. வீட்டம்மா பெயருக்கு மட்டும்.

எதிர்வீட்டு மீனவர் உடைந்த பைபர் வள்ளத்தைக் காலையில் ஒட்டி மறுநாள் கடலுக்குப் போய்விடுவார். "அண்ணாச்சி, இதையும் பைபர்ல போட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

"ஏங்க, இந்தச் சாமானம் எப்போ ஓடும்?" என்பார் வீட்டம்மா.

"வார ஓணத்துக்கு."

"எந்த வருசத்து ஓணம்னு சொல்லுங்க."

இப்போது புதுச் சாக்கு கிடைத்திருக்கிறது. 50 வயதானால் விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம் என 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. "2028 வரட்டும், விண்டேஜுக்கான விஏ நம்பர் வாங்கிருவேன்" என்கிறார். கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு தவிர அந்த வண்டியைத் தினப்படி ரோட்டில் ஓட்டக்கூடாது என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"இப்பவே அப்படித்தானே கெடக்கு!" என்றார் வீட்டம்மா, காபியை என் கையில் கொடுத்தபடி.

துறைமுகம் பார்க்கப் போகிறவர்கள் அவர் வீட்டையும் எட்டிப் பார்க்கலாம். ஆனால் "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லித்தான் போன ஞாயிறு முன் மட்கார்டு முழுவதையும் நான் தேய்த்தேன்.