மூக்குப் பெரியப்பா

பெரியப்பா அடுப்படி வாசலில் நின்று மூக்கை உயர்த்திவிட்டார் என்றால் அன்றைக்குச் சோறு தாமதம். “இந்தா, என்னமோ வாடை அடிக்குதே?” அவ்வளவுதான். கொதிக்கிற உலை இறங்கும். ரெகுலேட்டர் மூடும். பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார்.

அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் தெருவுக்கு ஒரு மூக்குப் பெரியப்பா உண்டு. அறுபதைத் தாண்டியவர், தறியையோ கடையையோ மகன் கையில் கொடுத்துவிட்டவர், அடுப்பைப் பற்றவைத்தே பழக்கமில்லாதவர். காப்பி வேண்டும் என்றால் ஒரு குரல் கொடுப்பதோடு சரி. ஆனால் கேஸ் விஷயத்தில் அந்த வீட்டுக்கு அவர்தான் இன்ஸ்பெக்டர்.

அந்த மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேளைக்கு ஒரு சிட்டிகை பட்டணம் பொடி ஏற்றி ஏற்றி மரத்துப்போன மூக்கு. பக்கத்தில் மல்லிகை மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாலும் வாசனை தெரியாது. அப்பேர்ப்பட்ட மூக்குக்குக் கசியாத கேஸ் மட்டும் தவறாமல் எட்டிவிடும்.

சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்கேப்டன் என்கிற கந்தகச் சரக்கைத் துளி கலந்து அனுப்புகிறார்கள். இதை யாரோ பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அழுகின முட்டைக்கோஸ் வாடை அடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தார்கள். அன்றோடு அந்த வீட்டில் முட்டைக்கோஸ் பொரியல் நின்றது. பிறகு முள்ளங்கி சாம்பார் போனது. பிறகு அவித்த முட்டை. கருவாட்டுக்கு மட்டும் விலக்கு. அது அவருக்குப் பிடிக்கும்.

அடுத்து வந்தவர், கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத்தான் தங்கும் என்றார். உண்மைதான். ஆனால் உண்மையை யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? அதுவரை நின்றுகொண்டு மோந்தவர் இப்போது வேட்டியை மடித்துக் கட்டி, மண்டியிட்டு, சிலிண்டரின் காலடியில் மூக்கை வைக்கிறார். எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். பால் ஊற்ற வந்தவர் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே எந்தச் சாமியை வைத்திருக்கிறீர்கள் என்று பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார். சிலிண்டர் தீரும் சமயத்தில் நிலைமை இன்னும் மோசம். அடியில் மிஞ்சுகிற கேஸில் அந்தக் கந்தக வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அந்த வாரம் முழுக்க வீட்டில் சோதனைதான், சமையல் கிடையாது.

டியூபிலும் வால்விலும் சோப்புத் தண்ணீரைத் தடவினால் போதும். கசிவு இருந்தால் குமிழ் விடும். ஒரு நிமிஷ வேலை. சொன்னால் சிரிப்பார். “அதெல்லாம் சாதாரணக் கசிவுக்குப்பா. இது நுணுக்கமான கசிவு.” நுணுக்கமான கசிவு என்று முடிவானதும் அவர் செய்கிற முதல் காரியம், எங்கே என்று பார்க்க லைட்டைப் போடுவது. உண்மையிலேயே கசிந்திருந்தால் அந்தச் சுவிட்சின் பொறி ஒன்றே போதும். சுவிட்சைத் தொடாதே, ரெகுலேட்டரை மூடு, கதவு சன்னலைத் திற, வெளியே போய் 1906க்குப் போன் போடு என்கிற பாடம் அவருக்கு மனப்பாடம். அதை ஒப்பித்துக்கொண்டேதான் சுவிட்சைப் போடுவார்.

சிலிண்டர் வந்து இறங்கினால், சந்தையில் ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்து, 14.2 கிலோ இருக்காது என்பார். மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையில் இருக்கிற எழுத்தையும் வருஷத்தையும் படித்து, மறுசோதனைக் கெடு தாண்டிவிட்டதா என்று கணக்குப் போடுவார்; ‘ஏ’ என்றால் மார்ச் வரை, ‘பி’ என்றால் ஜூன் வரை. இது நல்ல பழக்கம். இதற்காக அவரைக் கும்பிடலாம்.

பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 2007இல் அரசு இலவசமாகக் கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் வீட்டுக்குள் சிலிண்டர் நுழைந்தது. அதுவரை கரிசல் காட்டுச் சீமைக்கருவேல விறகுதான். கண்ணெதிரே எரிகிற தீயோடு வளர்ந்த மனிதரிடம், கண்ணுக்குத் தெரியாமல் தரையில் ஊர்கிற ஒன்றை நம்பச் சொன்னால் எப்படி? அடுப்பு வந்த இரவு, பேரப்பிள்ளைகள் உள்ளே தூங்க, அவர் அடுப்படிக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டு விடிய விடியக் காவல் இருந்தாராம். பெரியம்மா இதைச் சொல்லும்போது கேலி செய்வதில்லை.

ஆனால் போன ஆடியில், பத்திரத்துக்கு என்று அவரே திறந்துவைத்த சன்னல் வழியாக அடித்த காற்றில் அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. பெரியப்பா பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பெரியம்மாதான் ஓடிவந்து மூடினார். “எனக்கு அப்பவே லேசா வந்துச்சு” என்றார் பெரியப்பா, பொடி டப்பாவைத் தேடியபடி.

இதுவரை சிரிக்கலாம். இனி முடியாது. கம்பி பின்னிய ஆரஞ்சு டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அவர் வீட்டு டியூபில் அச்சடித்த வருஷம் தேய்ந்தே போயிற்று. “நல்லாத்தானே இருக்கு” என்கிறார். கேஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று வெந்நீர், பருப்பு, கறிக்குழம்பு எல்லாம் இன்றைக்கும் கொல்லையில் விறகடுப்பில்தான். கருவேலம் காசில்லாமல் கிடைக்கிறதாம். விறகுச் சமையல் ருசியாம். பெரியம்மா ஊதுகுழலும் கையுமாக இருமிக்கொண்டிருக்கிறார். கண் சிவந்து, நெஞ்சு கட்டி, வருஷக்கணக்காக அந்தப் புகையைக் குடித்துக்கொண்டிருக்கிறார். புகை திண்ணை வரைக்கும் வருகிறது. “என்னமோ வாடை அடிக்குதே” என்று அதற்கு ஒருநாளும் அவர் எழுந்ததில்லை.

பெரியப்பா, பொடியை ரெண்டு மாசம் நிறுத்திப் பாருங்கள். டியூப் வாங்கக் காசும் தேறும், மூக்கும் திரும்பும். திரும்பின மூக்குக்கு முதலில் எட்டப்போவது கேஸ் வாடை இல்லை, கொல்லைப்புறத்துப் புகை.