சிங்கப்பூர்க் கடிதம்: நீலத் தொட்டிக்கு எல்லாம் சம்மதம்

திருகோணமலை ஓர்ஸ் ஹில் அக்காவுக்கு,

"பின்வளவு இல்லாத வீட்டில் தம்பி குப்பையை எங்கே கொட்டுகிறான்?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். தம்பி அறை எடுத்து இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடியில். 1960இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் வீடுகளில்தான் இந்த நாட்டில் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் குடியிருக்கிறார்கள். பழைய புளோக் என்றால் குசினிச் சுவரிலேயே ஒரு சின்னக் கதவு இருக்கும். திறந்து பையைத் தள்ளினால் குழாய் வழியே தடதடவென்று கீழே போய்விடும். யார் போட்டது, என்ன போட்டது என்று கேட்க ஆளில்லை. வேலிக்கு மேலால் அடுத்த வளவுக்குள் எறிந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே, அதையே இங்கே அரசாங்கம் குழாய் போட்டு ஒழுங்காக நடத்துகிறது.

கீழே விழுந்தது எரியுலைக்குப் போகும். மிஞ்சும் சாம்பலை பார்ஜில் ஏற்றி, தெற்கே செமாக்காவ் தீவோரம் கடலை மறித்துக் கட்டிய இடத்தில் கொட்டுகிறார்கள். சீனக்குடாவில் எண்ணெய்க் கப்பல் பார்த்து வளர்ந்தவனுக்குச் சாம்பலுக்கென்று ஒரு கப்பலோட்டம் நடப்பது பெரிய புதினம். 1999இல் திறந்த அந்த இடம் 2035 அளவில் நிரம்பிவிடும் என்பது கணக்கு. இருப்பது ஒரே ஒரு இடம். ஆகவே குப்பையைக் குறை, பிரித்துப் போடு என்று ஒரே புத்திமதி.

அதற்கு வந்ததுதான் நீலத் தொட்டி.

தேசிய மறுசுழற்சித் திட்டம் தொடங்கியது 2001இல். 2014 தொடக்கம் புளோக்குக்கு ஒரு நீலத் தொட்டி. கடதாசி, போத்தல், பேணி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒன்றாகவே போடலாம். பிரிப்பது பிறகு ஆலையில். ஊரில் பழைய இரும்புக்காரர் வந்தால் பித்தளையை வேறாக, அலுமினியத்தை வேறாக எடுத்து வைத்துத் தராசு முள்ளைவிட்டுக் கண்ணெடுக்காமல் நிற்பீர்களே, அந்த வேலை எதுவும் இங்கே இல்லை. வேலை இல்லாத இடத்தில் கவனமும் இல்லை. ரிசூ, ரெஜிபோம், பழைய உடுப்பு, சப்பாத்து போடக்கூடாது என்று தொட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. படத்தைப் பார்த்துக்கொண்டே சப்பாத்தைப் போடுகிறார்கள். பாதி குடித்த கோப்பியும் கூடவே போகும். பக்கத்தில் கிடந்த பேப்பர்க் கட்டு அத்தோடு சரி. தொட்டிக்குள் விழுவதில் நூற்றுக்கு நாற்பது பங்கு உதவாதது என்று தேசிய சுற்றுப்புற வாரியமே சொல்கிறது. வீட்டுக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 2018இல் 22 வீதம். 2023இல் 12 வீதம்.

இது சரிவராது என்று 2023இல் வீட்டுக்கொரு மடிக்கிற நீலப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். தம்பி இருக்கும் வீட்டில் அதற்குள் வெங்காயம் இருக்கிறது.

ஆனால் அக்கா, இதே புளோக்குகளில் ஒரு கடதாசிகூடத் தப்பவிடாத ஆட்களும் உண்டு. பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தால், பழைய பத்திரிகையை மடிப்புக் குலையாமல் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர் காசு கொடுப்பார். காலையில் வயதான ஆச்சிமார் தள்ளுவண்டியில் அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக்கி அடுக்கிக்கொண்டு போவார்கள். அந்த அடுக்கில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்காது. எடைக்குக் காசு என்றால் படமும் வேண்டாம், புத்திமதியும் வேண்டாம்.

இதை அரசாங்கமும் கண்டுகொண்டது. குளிர்பானப் போத்தலுக்கும் பேணிக்கும் விலையோடு பத்துச் சதம் கூட வாங்கி, வெறும் போத்தலை இயந்திரத்தில் போட்டால் திருப்பிக் கொடுக்கும் திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 என்று நாள் குறித்தார்கள். ஜெர்மனியில் 2003இலிருந்தே இருக்கிற ஏற்பாடுதான்; அங்கே 25 சதம். மச்சான் அங்கே சாக்கோடு கடைக்குப் போவதை நீங்கள் வீடியோவில் பார்த்துச் சிரித்தீர்கள். வெறும் போத்தல் கொண்டு வந்தால்தான் சோடா என்று பிடிவாதமாக நின்ற எங்கள் ஊர்ச் சந்திக்கடை முதலாளியை மறந்துவிட்டீர்கள். இயந்திரமும் இல்லை, அறிக்கையும் இல்லை. மனுசன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, வாய் உடைந்திருந்தால் திருப்பியும் அனுப்புவார்.

இதை வைத்து ஊரார் மீசை முறுக்க வேண்டாம். இலங்கையில் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பர் 1இல் தடை வந்தது. பிரட்ரிக் கோட்டையிலிருந்து இறங்கிவந்து பஸ் நிலையத்தடியில் பை மெல்லும் புள்ளிமான்கள் அந்த வர்த்தமானியை இன்னும் வாசிக்கவில்லை. சந்திக்கடை முதலாளியும் இப்போது பிளாஸ்டிக் போத்தல்தான் விற்கிறாராம்.

சித்தப்பா இங்கே வரும்போது எள்ளுப்பாகு கொடுத்துவிடுவதென்றால் ஷீட்டில் சுற்றாமல் மாப்பேணியில் போட்டுவிடுங்கள். பேணியைக் கழுவி அவர் கையிலேயே தம்பி திருப்பி அனுப்புவான். முடிந்தால் பெரிய பேணியாகப் பார்க்கவும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி