திருடன் வராத வீட்டுச் சைரன்

ஏலக்காய் விலை ஏறினால் போடிநாயக்கனூரில் இரண்டு வியாபாரம் களைகட்டும். ஒன்று ஏலக்காய். இன்னொன்று பூட்டு. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் ஏலம் போனதே, அந்த வருஷம் மலையில் செடியின் தூரில் கிடந்த பச்சைக்காயையே ராத்திரியில் வந்து உருவிக்கொண்டு போனார்கள். உலர்ந்த காயை மூட்டை கட்டி வீட்டில் வைத்திருப்பவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? தோட்டக்காரர்கள் கேமரா மாட்டினார்கள், நாய் வாங்கினார்கள். எங்கள் சித்தப்பா மதுரைக்குப் போய்ச் சைரன் வாங்கிவந்தார். சேர்த்து எடுத்தால் விலை குறையும் என்று கடைக்காரர் சொல்ல, இரண்டு செட். ஒன்று போடி வீட்டுக்கு. மற்றது பூப்பாறைப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு.

சில வருஷம் இரண்டும் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட. போட்ட காசுக்கு ஒரு திருடனாவது எட்டிப் பார்த்திருக்கலாம் என்கிற தோரணையில் பேசுவார். பிறகு ஓர் ஆடி மாத நடுச்சாமத்தில் போடி வீட்டுச் சைரன் கத்த ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. எங்கள் பெட்டியின் மேல் 110 என்று பெருமையாக அச்சடித்திருந்தது. ஏதோ இரண்டரை மடங்குதானே என்று நினைத்துவிடாதீர்கள். டெசிபலில் பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 65 ஏறினால் முப்பது லட்சம் மடங்கைத் தாண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அணைக்கப்போன எனக்கு இந்தக் கணக்கு காது வழியாகவே புரிந்தது.

முதல் ராத்திரி தெருவே கம்பு, கடப்பாரையோடு வந்து நின்றது. ஒருவர் அவசரத்தில் இடியாப்பக் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அடுத்த முறை இரண்டு பேர், டார்ச் லைட்டோடு. அதற்கப்புறம் யாரும் வரவில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல் மட்டும் வந்தது: “ஏப்பா, ஒங்க வீட்டுத் திருடன் எத்தனை மணிக்கு வருவான்னு முன்னாடியே சொல்லிட்டா நாங்க கொஞ்சம் தூங்கிக்கிருவோம்.”

சித்தப்பாவிடம் ஒரு கருத்து தயாராக இருந்தது. “எவனோ நோட்டம் பாக்குறான்டா. சத்தம் கேட்டா நாம எவ்வளவு நேரத்துல எந்திரிக்கிறோம்னு அளந்து பாக்குறான்.” இதைக் கேட்ட சித்தி அன்றிலிருந்து சமையலறையில் படுக்க ஆரம்பித்தார். மூட்டைகள் இருந்தது முன்னறையில். ஆனால் நகை அரிசிப் பானையில் இருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது.

எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தான். பெட்டியைத் திறந்து, ஒயரை இழுத்து, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். “சார், கத்துறப்ப கரண்ட் இருந்துச்சா?”

யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் சித்திதான் சொன்னார்: “இல்லப்பா. ஒவ்வொரு தடவையும் இருட்டுலதான கம்பத் தேடுனோம்.”

விஷயம் அங்கே இருந்தது. ஆடியில் மலைக் கணவாய் வழியாக இறங்குகிற காற்றுக்கு ஊரில் எந்த ஒயரும் ஒரு நிலையில் நிற்காது; கரண்ட் போய்ப் போய் வரும். சுவருக்கு வெளியே மாட்டியிருக்கும் சைரனுக்குள் தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்து மின்சாரம் வருவது நின்றால், திருடன் ஒயரை வெட்டிவிட்டான் என்று அது முடிவுகட்டிக் கத்தும். கரண்ட் போனாலும் அப்படி நிற்காமலிருக்கத்தான் உள்பெட்டியில் 12 வோல்ட் பேட்டரி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து வருஷம். வெக்கையான ஊரில் இன்னும் குறைவு. எங்கள் வீட்டில் அது எப்போதோ செத்திருந்தது. ஆக, அத்தனை ராத்திரியும் சைரன் ஊருக்கு அறிவித்த சேதி, கரண்ட் போய்விட்டது என்பது. அதைத்தான் இருட்டே சொல்லிவிடுகிறதே.

பேட்டரி மாற்றினோம். கொஞ்ச நாள் அமைதி. பிறகு கரண்ட் இருக்கும்போதே கத்தியது. இந்த முறை பெட்டியில் முன்னறைச் சென்சாரின் விளக்கு எரிந்தது. சித்தப்பா மூட்டைகளை எண்ணினார். எல்லாம் இருந்தன. கூடுதலாக ஒரு பல்லியும் இருந்தது, சென்சாரின் மேலேயே.

சென்சார் என்பது மனுஷக் கண் மாதிரி ஆளை அடையாளம் காண்பதில்லை. அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் முகப்பு முழுக்கச் சின்னச் சின்ன லென்ஸ்கள். அவை அறையைப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு பட்டையில் சூட்டின் அளவு திடீரென்று மாறினால், ஆள் நடக்கிறான் என்று அர்த்தம். தூரத்தில் ஓடும் பல்லியை அது சட்டை செய்யாது. முகப்பின் மேலேயே ஏறி நடந்தால் பல்லியும் பயில்வான்தான். சென்சாரில் மினுங்கும் சிவப்பு விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது, பல்லிக்கு நாங்கள் ஏழு பேர் எழுந்து வருகிறோம். சித்தப்பா பஞ்சாங்கத்தை எடுத்துப் பல்லி விழும் பலன் பார்த்தார். தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால், பாதத்தில் விழுந்தால் என்று எல்லாம் இருந்தது. சென்சாரில் ஏறினால் என்ன பலன் என்று நம் முன்னோர்கள் எழுதிவைக்காமல் போய்விட்டார்கள்.

அந்தச் சிவப்பு விளக்கை அணைத்துவைத்து, ஒயர் நுழையும் ஓட்டையை அடைத்து, முகப்பைத் துடைத்ததும் அது தீர்ந்தது. “பெட்டி நல்லாத்தான் இருக்கு சார், வீடுதான் சரியில்ல” என்று சொல்லிவிட்டுத் தம்பி கூலி வாங்கிக்கொண்டான்.

இந்தச் சைரனுக்கெல்லாம் மூதாதையான மின்மணிக்கு 1853-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் ஒரு பாதிரியார். கதவோ ஜன்னலோ திறந்தால் மின்சுற்று இணைந்து மணியடிக்கும், அவ்வளவுதான். பிரசங்கத்தில் தூங்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த யோசனையாக இருக்கலாம்.

மலை மேல் கதை வேறு. 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு செக்போஸ்டைத் தாண்டினால் போடி வெக்கையெல்லாம் பொய்யாகிவிடும். ஸ்டோரில் ஐம்பது டிகிரிச் சூட்டில் ஒரு நாள் போலக் காயை உலர்த்துவார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகும். ராத்திரி யாராவது பதம் பார்க்கக் கதவைத் திறந்தால், உள்ளிருந்த அனல் வெளிக்குளிரில் பாய்ந்து நேரே சென்சாரின் முகத்தில் அடிக்கும். சைரன் கத்தும். காவலுக்கு இருக்கும் அண்ணன் இதற்கு அசரவே இல்லை. சித்தப்பா போனில் பதறினால் அவர் நிதானமாகச் சொல்வார்: “ஒண்ணுமில்ல மொதலாளி. காய் நல்லாக் காயுது, அதான் கத்துது.” சென்சாரைக் கதவைப் பார்க்காதபடி வேறு சுவருக்கு மாற்றியதும் அந்தக் கூச்சலும் நின்றது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. சூட்டின் வித்தியாசத்தை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறது என்பதால், அறையின் சூடு மனுஷ உடம்புச் சூட்டை நெருங்கும்போது இந்தச் சென்சாருக்குப் பார்வை மங்கும். அதாவது, போடியில் சித்திரை மாத மத்தியானத்தில் திருடன் சாவகாசமாக நடந்து வந்தால் அது தயங்கும். இதைச் சித்தப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

எல்லாம் சரியானதும் ஒரு புகார் வந்தது. விடியுமுன் ஜீப் பிடித்து மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பக்கத்துத் தெரு மதினி வாசலில் நின்று கேட்டார்: “என்ன தம்பி, சங்கு ஊதுறத நிறுத்திட்டீக? அது நாலு மணிக்கு ஊதுனாத்தான் எந்திரிச்சுச் சோறாக்க வசதியா இருந்துச்சு.”

சைரன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த முறை காரணமில்லாமல் கத்தினால், கம்பைத் தேடுமுன் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் விடிந்ததும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பேட்டரி உள்பெட்டியில் ஒன்று, வெளிச் சைரனுக்குள் ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.